பௌர்ணமி நோட்டீசும் ஓசூர் பர்மிஷனும்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம், வேங்கிக்காலில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணியும் பஞ்சும் தயாரிக்கிற கம்பெனி அது. முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் ஃபேக்டரி. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகிப் புதிதாய் வந்தபோது என் மாமியார் அதைப் பொடுகு என்று நினைத்து எனக்கு வேப்பெண்ணெய் வாங்கித் தந்தார்.

என் பதவியின் முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டரம்மா. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், மின்விசிறி சுற்றாவிட்டாலும் நான்தான். உண்மையில் என் வேலை சர்வரைப் பார்த்துக்கொள்வது, மெயில் போய்வருகிறதா என்று கவனிப்பது, யாருக்கு எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று அனுமதி கொடுப்பது.

எங்கள் ஆபீசில் நிர்வாக அலுவலர் ஒருவர் இருந்தார். கோயிலில் பூஜை செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் அங்கே முறை பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பி.காம். படித்துவிட்டுப் பேண்டேஜ் பக்கம் வந்துவிட்டார். ஆபீசில் எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு எட்டிப் பார்க்கும். தன் ஆங்கிலத்தின் மேல் அவருக்கு அபாரமான மதிப்பு. 'இதன் மூலம் சகலருக்கும் பணிவன்புடன் தெரிவிக்கப்படுவது யாதெனில்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை நீளமாகச் சொல்ல முடியுமோ அத்தனை நீளமாகச் சொல்லித்தான் ஒரு மெயிலைத் தொடங்குவார். தண்ணீர் டேங்க் கழுவுகிறார்கள் என்ற செய்தி கடைசி வரியில் இருக்கும்.

ஆபீசில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே முகவரியில் மெயில் போகிற மாதிரி ஒரு குரூப் செய்து வைத்திருந்தேன். அதற்கு ஓனர் என்று ஒருவரைப் போட வேண்டும். ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்த ஓனரின் உரிமை. நான் அவரைப் போட்டேன். அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவரிடம் போய் நின்று வணக்கம் சொன்னால்தான் குரூப்பில் பெயர் ஏறும். வேலையை விட்டவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நீக்கிவிடுவார்.

"என்ன சார், இன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் இருப்பாரே" என்பேன்.

"இருக்கட்டும்மா. குரூப்ல இல்ல, அவ்வளவுதான்."

அந்தக் குரூப்பில் அவர் அனுப்பியவற்றில் உருப்படியானது மாதாமாதம் வரும் பௌர்ணமி நோட்டீஸ்தான். திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று வண்டி ஓட்ட முடியாது என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திதி எப்போது ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்துவார்கள், அன்றைக்கு ஷிஃப்ட்டை எப்படி மாற்றலாம், பஞ்சுப் பொதி லாரியை முந்தின நாளே வரச் சொல்லலாமா, இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து யோசித்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்வார். நீளமாகச் சொல்வார். நாங்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துக்கொள்வோம்.

இப்படி இருக்கையில் ஓசூரில் இருந்த ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று இரண்டு ஊரிலும் கேக் வெட்டினார்கள். எங்கள் நெட்வொர்க்கும் அவர்கள் நெட்வொர்க்கும் மட்டும் அந்தக் கேக்கைச் சாப்பிடவில்லை. அவர்கள் சர்வர் வேறு, எங்கள் சர்வர் வேறு. எங்கள் ஆட்களின் கணக்கும் பாஸ்வேர்டும் எங்கள் சர்வரில் இருந்தன. ஓசூர் சர்வருக்கு நாங்கள் வெறும் பெயரும் முகவரியும்தான். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்களின் வரிசையில் நம் பெயர் இருப்பது மாதிரி. பத்திரிகை வரும், பீரோ சாவி வராது.

ஓசூரில் என்னைப் போலவே சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருந்தார். ஃபோனில் மட்டும்தான் பழக்கம். குரல் கேட்டால் சின்ன வயசுக்காரர் மாதிரி இருக்கும், பேச்சைக் கேட்டால் ரிட்டயர் ஆன தாசில்தார் மாதிரி இருக்கும். அவர் இரண்டு கம்பெனிக்காரர்களையும் சேர்த்துத் தங்கள் பக்கத்தில் ஒரு பெரிய குரூப் செய்தார். இனிமேல் எல்லா அறிவிப்பும் இதில்தான், பழைய குரூப்பை மூடிவிடுங்கள் என்று மேலிடத்து உத்தரவோடு மெயில் வந்தது. மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் நிர்வாக அலுவலர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா இது? என்னோட குரூப்ல என்னையே உள்ள விடமாட்டேங்கறதே!"

எதிர்பார்த்தது மாதிரி வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. பார்த்தேன். ஓசூர் குரூப்பில் ஆளைச் சேர்க்கவும் அவருக்கு உரிமையில்லை, குரூப்புக்கு மெயில் அனுப்பவும் உரிமையில்லை. அனுப்பினால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று அந்தச் சர்வர் திருப்பி அனுப்பியது. ஓசூருக்கு ஃபோன் போட்டேன்.

"சார், எங்க நிர்வாக அலுவலரையும் அந்தக் குரூப்புக்கு ஓனராப் போடணுங்க."

"முடியாது மேடம். ஓனரா போடணும்னா எங்க நெட்வொர்க்ல அக்கவுன்ட் இருக்கணும். உங்க ஆளு எங்க நெட்வொர்க்ல இல்ல."

"இதோ என் எதிர்லதான் நிக்கிறாருங்க."

"அது உங்க ஆபீஸ்ல மேடம். நெட்வொர்க்ல இல்ல."

சர்வர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் ஜாஸ்தியானது. ஒரு வழி சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் ஒரு குரூப் இருக்கட்டும், அதற்கு எங்கள் அலுவலர் ஓனராக இருக்கட்டும். அந்தக் குரூப்பை அப்படியே ஓர் ஆளைச் சேர்ப்பது போல உங்கள் பெரிய குரூப்புக்குள் சேர்த்துவிடுங்கள். உங்கள் சாவி உங்களிடம், எங்கள் சாவி எங்களிடம். பெரிய குரூப்புக்கு மெயில் அனுப்புகிற அனுமதியை மட்டும் எங்கள் அலுவலருக்குக் கொடுத்தால் போதும்.

"நல்ல ஐடியாதான் மேடம். ஆனா பாலிசி இடம் கொடுக்காது. ரெக்வெஸ்ட் போடுங்க, பார்க்கலாம்."

ரெக்வெஸ்ட் போட்டேன். அது பார்வையில் இருப்பதாகப் பதில் வந்தது. யார் பார்வையில் என்று அதில் இல்லை. உங்கள் ஆளுக்கு எங்கள் பக்கம் இன்னொரு அக்கவுன்ட் தருகிறோம், இரண்டையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு தடவை இறங்கி வந்தார்கள். எங்கள் அலுவலர் அதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர்ல ஆள்மாறாட்டம் பண்ணச் சொல்றாங்களா?" என்று மறுத்துவிட்டார். ஒரு பாஸ்வேர்டையே வாரம் ஒரு முறை என்னிடம் கேட்கிற மனிதர் அவர் என்பதை நான் ஓசூருக்குச் சொல்லவில்லை.

சித்திரை மாதம் வந்தது. ஓசூரிலிருந்து பெரிய அதிகாரியும் இன்னும் நான்கு பேரும் எங்கள் ஆபீசுக்கு வருவதாகச் சேதி வந்தது. எதற்கு என்று பார்த்தால், இரண்டு கம்பெனியிலும் தகவல் தொடர்பை எப்படிச் சீராக்குவது என்று பேசுவதற்காம். அவர்கள் குறித்திருந்த நாள் சித்ரா பௌர்ணமி.

எங்கள் அலுவலர் பொங்கி எழுந்து ஒரு நோட்டீஸ் தயாரித்தார். அவர் எழுதியதிலேயே அதுதான் மிக நீளமானது. மற்ற பௌர்ணமிக்குக் கூட்டம் சாயங்காலம்தான் சேரும், சித்ரா பௌர்ணமிக்குக் காலையிலேயே ஊரை மூடிவிடுவார்கள், வேறு நாள் வையுங்கள் என்பது சாரம். ஓசூர் குரூப்புக்கு அனுப்பினார். அனுமதி இல்லை என்று திரும்பி வந்தது.

"ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க சார்" என்றேன்.

"நான் எழுத்துல அனுப்பிட்டேன். வாங்கிக்காதது அவங்க பாடு."

சரி, நானே சொல்வோம் என்று ஓசூர் சர்வர்காரரைக் கூப்பிட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், மீட்டிங் ஏற்பாடு நான் பண்ணலை. நீங்க குரூப்புக்கு ஒரு மெயில் போட்டுடுங்களேன்."

"குரூப்புக்குத்தான் போட முடியலன்னு சொல்றேன்."

"அதுக்குத்தான் ரெக்வெஸ்ட் போட்டிருக்கீங்களே."

எங்கள் மேனேஜரிடம் போனேன். புதிய முதலாளிகளிடம் வராதீர்கள் என்று சொல்ல அவருக்குப் பயம். "அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? டிவிலயே போடறாங்களே" என்று ஃபேக்டரிப் பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு வெயில் காலை டிபன் நேரத்திலேயே சுட்டது. ஆபீசில் பாதிப் பேர் இல்லை. மேனேஜர் பூங்கொத்தோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். வர வேண்டிய நேரம் தாண்டி வெகுநேரம் கழித்து என் செல்ஃபோன் அடித்தது. ஓசூர் சர்வர்காரர். அவரும் அந்த வண்டியில் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். பின்னணியில் ஒரே ஜனச் சத்தம்.

"மேடம், செங்கம் ரோட்ல இருக்கோம். போலீஸ்காரர் வண்டியை நிறுத்திட்டாரு. உள்ள போக பர்மிஷன் இல்லைங்கறாரு."

எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

"ரெக்வெஸ்ட் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"மேடம்... நடந்து வந்தா எவ்வளவு தூரம்?"

"மலையைச் சுத்தித்தான் வரணும். ஜனங்க போற பக்கமே வாங்க, வழி தவறாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. அன்றைக்கு அதற்கப்புறம் ஊரில் யாருக்கும் செல்ஃபோன் வேலை செய்யவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் எங்கள் அலுவலர் கோபமெல்லாம் விட்டுவிட்டு எழுந்தார். "சித்திரை வெயில்லயா? பழக்கமில்லாதவங்கம்மா. கிளம்பு." கேன்டீனில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய மோர் வாங்கினோம். என் ஸ்கூட்டியின் பின்னால் அவர் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வயல்களுக்கு நடுவில் போகிற ஊர் ரோடுகளாகப் பிடித்து, ஒரு திருப்பத்துக்கு ஒரு டம்ளர் மோர் என் முதுகில் சிந்த, அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தோம். கிரிவலப் பாதை ஓரத்தில் ஒரு பெட்டிக்கடை நிழலில் குடத்தை இறக்கிவைத்து, வருகிற ஜனங்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அத்தனை கூட்டத்தில் டை கட்டியிருந்தவர்கள் அவர்கள்தான்.

முன்னால் பெரிய அதிகாரி. ஷூவைக் கழற்றி லேஸ்களை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டிருந்தார். நடுவழியில் ஒரு அம்மா, "செருப்போட மலை சுத்தறியே, நல்லாவா இருக்குது?" என்று கேட்டுவிட்டாராம். நெற்றி நிறைய விபூதி, கையில் நுங்கு. அவரைப் பார்த்து மற்ற நான்கு பேரும் வெறுங்காலாகியிருந்தார்கள். அவருக்குப் பின்னால் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக, ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பையன் புரொஜக்டர் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தான். அவர்தான் என் ஓசூர்க்காரர் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் அலுவலர் சட்டையைச் சரிசெய்துகொண்டு பெரிய அதிகாரியின் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"வாங்க சார். உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன்."

"மெயிலா? எனக்கு எதுவும் வரலையே?"

"வராது சார். இருந்தாலும் சொல்றேன்" என்று, அந்த மெயிலை அங்கேயே தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒப்பிக்க ஆரம்பித்தார். மனிதர் மனப்பாடமாக வைத்திருந்தார். நடந்துபோன இரண்டு மூன்று பேர் ஏதோ சுலோகம் என்று நினைத்து நின்று கேட்டார்கள். இரண்டாவது பத்தியில் பெரிய அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, புரொஜக்டர் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"இது ஏன்ப்பா நமக்கு வரலை?"

பையன் பெட்டியை இறக்கிவைத்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகப் பழகிய அந்தக் குரலில் சொன்னான்: "சார், இவர் நம்ம நெட்வொர்க்ல இல்ல."

பெரிய அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். முன்னாலும் ஜனம், பின்னாலும் ஜனம், பக்கத்தில் மலை. "இப்போ நாமதான்யா அவர் நெட்வொர்க்ல இருக்கோம்" என்றார்.

நான் மோர் ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மீதி வழியையும் அவர்கள் நடந்தேதான் வந்தார்கள். ஸ்கூட்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னோம். இவ்வளவு சுற்றியாயிற்று, பாதியில் விட மாட்டேன் என்று பெரிய அதிகாரி மறுத்துவிட்டார். புரொஜக்டரை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து பேரின் உள்ளங்காலும் கொப்பளித்திருந்தது. நல்லவேளையாகப் பேண்டேஜ் கம்பெனி. ஃபேக்டரிப் பெண்கள் இரண்டு பேர் வந்து மருந்து போட்டு, பஞ்சு வைத்து, எங்கள் சரக்காலேயே கட்டுப் போட்டுவிட்டார்கள். வாங்கிய கம்பெனியின் சரக்கு எப்படி என்று பெரிய அதிகாரி முதல்தடவையாகத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "புண்ல ஒட்டவே இல்ல, நல்லா இருக்கே" என்றார். மேனேஜர் அந்த ஒரு வார்த்தையை அடுத்த வருஷம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மீட்டிங் சின்னதாக நடந்தது. கட்டுப்போட்ட கால்களை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் ரெக்வெஸ்ட் யார் பார்வையில் இருக்கிறது என்று பெரிய அதிகாரி கேட்டார். பையன் தன் கால் கட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தான். "இப்ப என் பார்வையில இருக்கு. பண்ணிடுங்க" என்றார் அவர்.

அடுத்த வாரம் நானும் பையனும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே செய்து முடித்தோம். எங்கள் பக்கம் எங்கள் குரூப். அதற்கு ஓனர் எங்கள் அலுவலர். அந்தக் குரூப் ஓசூர் குரூப்புக்குள் ஓர் அங்கம். ஓசூர் குரூப்புக்கு யார் யார் மெயில் அனுப்பலாம் என்ற வரிசையில் அலுவலரின் முகவரி. எல்லாம் முடித்து அனுப்பிப் பார்த்தால் மறுபடியும் திரும்பி வந்தது. இந்தத் தடவை பையனே பதறிப்போனான். இருவரும் தேடித் தேடிப் பார்த்ததில், எங்கள் சர்வரிலிருந்து வருகிற எல்லாவற்றையும் ஓசூர் சர்வர் அடையாளம் தெரியாத வெளியாள் தபாலாகவே எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. கதவைப் பொதுவாகத் திறந்துவைத்தால் ஊரில் உள்ள லாட்டரி மெயில் எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் எங்கள் சர்வர் பேசினால் மட்டும் வீட்டு ஆளாக நினைத்துக்கொள் என்று அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தான்.

"இப்ப அனுப்பச் சொல்லுங்க மேடம்."

எங்கள் அலுவலர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, வைகாசிப் பௌர்ணமி நோட்டீசை அனுப்பினார். போனது. ஓசூரில் ஒருவர் நன்றி என்று எல்லோருக்கும் பதில் போட்டார். இன்னொருவர் அந்த நன்றிக்கு எல்லோருக்கும் நன்றி சொன்னார். மூன்றாமவர், தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று எல்லோருக்கும் பதில் போட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு சர்வரும் மூச்சு வாங்கின. அதற்குள் ஓசூரிலிருந்து சில பேர், பௌர்ணமிக்கு நடக்க வர வேண்டும், எங்களையும் திருவண்ணாமலைக் குரூப்பில் சேருங்கள் என்று எங்கள் அலுவலருக்கே தனியாக எழுதியிருந்தார்கள். முதல் பெயர் பெரிய அதிகாரியுடையது.

அலுவலர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஓசூர் ஆளு நம்ம நெட்வொர்க்ல இல்லையேம்மா?"

"சார், ஓனராத்தான் போட முடியாது. சேர்க்கலாம்."

"தெரியும். சும்மா சொல்லிப் பாத்தேன்" என்று ஒவ்வொரு பெயராக, ஒற்றை விரலால், மிகுந்த மரியாதையோடு சேர்த்தார்.

ஓசூர்க்காரப் பையனும் சேர்ந்திருந்தான். மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பௌர்ணமிக்குத் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று நோட்டீசில் இருந்தபடி முந்தின நாளே வந்து, சன்னதித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினான். மரியாதைக்காகப் போய்ப் பார்த்து, இருவரையும் ஓட்டலுக்கு அழைத்துப்போய் ரவா தோசை வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் தெலுங்கு வாடை லேசாக இருந்தது.

"திருவண்ணாமலை ஆபீஸ் மேடம் நீங்கதானாம்மா?"

"ஆமாங்க."

"பெரிய பொம்பளையா இருப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு வருஷமா வூட்டுக்கு வந்து உங்களத்தான் திட்டிக்கினு இருப்பான். சோறு போடக் கொஞ்சம் லேட்டானா என்கிட்டயே, நீயும் அந்த மேடம் மாதிரி பண்ணாதேம்மான்னுவான்."

பையனுக்குத் தோசை தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். "நானும் அப்படித்தாங்க. எங்க வீட்டுக்காரர் எதுக்காவது பதில் சொல்லாம இழுத்தா ஓசூர்னுதான் கூப்பிடுவேன்" என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காபி சொல்லட்டுமா என்று கேட்டான். மூன்று காபிக்கும் அவன்தான் பணம் கொடுத்தான்.